லீட்ஸ் ரயிலில் ஓர் ஆட்டக்காரர்

டேவிட் ஸ்டோரியை நாவலாசிரியராக மட்டுமே அறிந்தவர்கள் உண்டு. அவர் கூலிக்கு ரக்பி லீக் ஆடியவர். 1933இல் வேக்ஃபீல்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். வேலையிழந்து ஆட வருபவனுக்கு ஈட்டுத்தொகை மறுக்கப்பட்டதால் 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்துவந்து உருவாக்கிய ஆட்டம் அது. பிறவியிலேயே கூலிக் கணக்கைச் சுமந்த ஆட்டம் எனலாம்.

லீட்ஸ் கழகம் தந்த ஒப்பந்தப் பணமே லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில் ஓவியம் பயில அவருக்குக் கைகொடுத்தது. வார நாட்களில் தூரிகை. வார இறுதியில் வடக்கே ரயிலேறிச் சேற்றில் புரளல். ஓவியர்களுக்கு அவர் முரடர். ஆட்டக்காரர்களுக்கோ ஆண்மை குறைந்த கலைஞர். இரண்டுக்கும் நடுவிலிருந்த ரயில்பெட்டியில்தான் எழுதத் தொடங்கினார்.

ஓர் ஆட்டத்தில் காலடிக்கு வந்த பந்தை எடுக்க அவர் கணநேரம் தயங்கினார். அவருக்குப் பதிலாகக் குனிந்த மூத்த ஆட்டக்காரரின் வாயில் உதை விழுந்தது. அந்தத் தயக்கத்தின் குற்றவுணர்வை ஸ்டோரி பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். 1960இல் வெளியான ‘திஸ் ஸ்போர்டிங் லைஃப்’ ஆர்தர் மேச்சினின் பற்கள் உடைவதில்தான் தொடங்குகிறது.

1963இல் லிண்ட்சே ஆண்டர்சன் அதைப் படமாக்கினார். 1976இல் ‘சேவில்’ நாவலுக்குப் புக்கர் பரிசு. 2017இல் ஸ்டோரி மறைந்தார். ஆனால் எனக்கு முக்கியமானது ‘தி சேஞ்சிங் ரூம்’ (1971) நாடகம். மேடையில் ஆட்டமே இல்லை. உடைமாற்றும் அறை மட்டும். அதைப் பெருக்கும் கிழவர் ஹாரி ஒருநாளும் ஆட்டம் பார்ப்பதில்லை.