அஃப்ளாடாக்சின் சோதனை

அஃப்ளாடாக்சின் சோதனை என்பது நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், பால் போன்ற உணவுப் பொருள்களிலும் கால்நடைத் தீவனங்களிலும் அஃப்ளாடாக்சின் எனப்படும் பூஞ்சை நச்சுகள் உள்ளனவா, எந்த அளவில் உள்ளன என்பதை ஆய்வகத்தில் கண்டறியும் முறையாகும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் ஆகிய பூஞ்சைகளே இந்நச்சுகளை முதன்மையாக உருவாக்குகின்றன. உணவில் கலந்திருக்கும் அளவில் இவற்றை நிறம், மணம், சுவை ஆகியவற்றால் அறிய இயலாது. வழக்கமான சமையல் வெப்பத்தில் இவை முழுமையாக அழிவதும் இல்லை. பூஞ்சை இறந்த பின்னரும் நச்சு எஞ்சியிருக்கும். எனவே பூஞ்சையை எண்ணுவது போதாது. நச்சையே அளக்க வேண்டும்.

வரலாறு

1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. இது "வான்கோழி எக்ஸ் நோய்" எனப்பட்டது. பிரேசிலில் இருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்குத் தீவனமே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. பிண்ணாக்கிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களை வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, அவற்றின் கல்லீரலில் ஏற்படும் மாற்றங்களைக் காண்பதே தொடக்க காலச் சோதனையாக இருந்தது. பூஞ்சையின் அறிவியற் பெயரில் உள்ள எழுத்துகளைக் கொண்டே நச்சுக்கு அஃப்ளாடாக்சின் என்ற பெயர் ஏற்பட்டது.

வகைகள்

புற ஊதாக் கதிரில் நீல நிறமாக ஒளிர்பவை பி1, பி2 எனவும், பச்சை நிறமாக ஒளிர்பவை ஜி1, ஜி2 எனவும் பெயரிடப்பட்டுள்ளன. இவற்றுள் பி1 மிகவும் கொடியது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது. பி1 கலந்த தீவனத்தை உண்ணும் பசுவின் பாலில் எம்1 என்ற வகை வெளிப்படுகின்றது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சின்களை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியான முதற் பிரிவில் வைத்துள்ளது.

மாதிரி எடுத்தல்

இச்சோதனையில் பெரும் பிழை கருவியில் அன்றி, மாதிரி எடுப்பதிலேயே நேர்கின்றது. நச்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு சில பருப்புகளில் மட்டும் செறிந்திருக்கும். எடுத்துக்காட்டாக, அரை கிராம் எடையுள்ள ஒரே ஒரு கடலைப் பருப்பில் 500 மைக்ரோகிராம் நச்சு இருப்பதாகக் கொள்வோம். 20 கிலோகிராம் மாதிரியில் ஏறத்தாழ 40,000 பருப்புகள் இருக்கும். மற்றவை அனைத்தும் தூயனவாக இருப்பினும், அந்த ஒரு பருப்பால் மாதிரியின் சராசரி கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் ஆகிவிடும். அப்பருப்பு மாதிரியில் அகப்படாவிடில் விளைவு சுழியம் எனவே வரும். இதனால் குவியலின் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலந்த பின்னரே சோதனைக்குரிய சிறு பகுதி எடுக்கப்படுகின்றது.

சோதனை முறைகள்

அரைத்த மாதிரியை மெத்தனால், நீர் ஆகியவற்றின் கலவையுடன் குலுக்கி நச்சு கரைசலுக்குள் கொண்டுவரப்படும். வடிகட்டிய கரைசல், நச்சை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் நிறைந்த குழலின் வழியே செலுத்தித் தூய்மையாக்கப்படும். அதன்பின் கீழ்க்காணும் முறைகளுள் ஒன்று பின்பற்றப்படும்.

* மென்படல வண்ணப்பிரிகை: தகட்டில் பிரிந்த புள்ளிகளைப் புற ஊதா விளக்கில் காணும் பழைய முறை. செலவு குறைவு.
* உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை: ஒவ்வொரு வகையையும் தனித்தனியே பிரித்து, ஒளிர்தலைக் கொண்டு அளக்கும் முறை. நிறை நிறமாலைமானியுடன் இணைத்தால் பல பூஞ்சை நச்சுகளை ஒரே ஓட்டத்தில் அளக்கலாம்.
* எலைசா: எதிர்ப்பொருள் வினையால் தோன்றும் நிறத்தின் அடர்வை அளப்பது. ஒரே நேரத்தில் பல மாதிரிகளைச் சோதிக்கலாம். ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் குறைந்த செலவிலான எலைசா முறையை உருவாக்கியது.
* சோதனைப் பட்டை: கிடங்கிலேயே சில நிமிடங்களில் முடிவைத் தருவது. வரம்பை மீறியவற்றை ஆய்வகத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

மக்காச்சோளத்தைப் புற ஊதா விளக்கில் பார்க்கும்போது தோன்றும் பச்சை கலந்த மஞ்சள் ஒளிர்வு, நச்சின் ஒளிர்வு அன்று. பூஞ்சை உருவாக்கும் வேறொரு பொருளினால் வருவது. ஆகவே அது ஐயத்திற்கான அடையாளம் மட்டுமே.

வரம்புகள்

பதப்படுத்தலுக்கான நிலக்கடலைக்குக் கோடெக்ஸ் அமைப்பு மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பாகக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமை வகுத்துள்ளது. நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 4 மைக்ரோகிராம் ஆகும். பாலில் எம்1 வரம்பு இந்தியாவில் 0.5, ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.05 மைக்ரோகிராம்.

சோதனை எட்டாத இடங்கள்

1974 இல் மேற்கு இந்தியாவின் பழங்குடிச் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே உணவை உண்ட நாய்களும் இறந்தன. 2004 இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் 317 பேர் பாதிக்கப்பட்டு, 125 பேர் இறந்தனர். இவ்விரு நிகழ்வுகளிலும் நச்சுற்ற தானியம் பெரும்பாலும் உழவர்கள் தம் வீட்டு உணவுக்காகச் சேமித்து வைத்ததாகும். ஏற்றுமதிச் சரக்கு ஆய்வகத்தைக் கடந்தே செல்கின்றது. வீட்டுக் குதிரில் உள்ள தானியம் அவ்வாறு செல்வதில்லை. ஆகையால் அறுவடைக்குப் பின் விரைந்து உலர்த்துதல், ஈரமற்ற இடத்தில் சேமித்தல், சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி நீக்குதல் ஆகியவை சோதனைக்கு முந்தைய முதன்மையான காப்பு முறைகளாகும்.

இவற்றையும் பார்க்க

* பூஞ்சை நச்சு
* நிலக்கடலை
* வண்ணப்பிரிகை
* எலைசா