விண்ட்சேர்பிங் போட்டியில் சமவாய்ப்பு

பாய் பொருத்திய பலகையில் நின்றபடி, காற்றின் விசையால் நீரில் ஓடும் போட்டி விளையாட்டு விண்ட்சேர்பிங். 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது. பெண்களுக்கான தனிப் போட்டிக்கு 1992 பார்சிலோனா வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காசுள்ளவரின் பலகையே வெல்லாதபடி, ஒலிம்பிக்கில் எல்லாருக்கும் ஒரே வகைக் கருவி. 2008 முதல் டோக்கியோ வரை அது ஆர்.எஸ்.எக்ஸ்: ஆண்களின் பாய் 9.5 சதுர மீற்றர், பெண்களுடையது 8.5. பாயைக் கைகளால் இழுத்து விசிறி வேகம் கூட்டலாம். மெல்லிய காற்றில் மூச்சு வாங்கும் வேலை அது. 2024இல் வந்த ஐக்யூஃபொயில் நீருக்கு மேலே எழும்பிப் பறக்கும். பாரமான உடம்புக்கே அதில் கை ஓங்குகிறது. கருவி ஒன்றானாலும் உடம்புகள் ஒன்றல்லவே!

இலங்கையில் பெந்தோட்டை, கல்பிட்டிக் களப்புகளில் இதைப் பழகலாம். கடற்கரையே இல்லாத கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்டத் தோட்டப் பிள்ளைக்கோ, பலகை விலைக்கு முன்பே பயணச் செலவு வந்து நிற்கும்.

கருவி மாறும்போது பழைய பலகைகள் ஒலிம்பிக்குக்கு உதவாமல் போகின்றன. ஆசியாவில் மாற்றம் மெதுவாகவே நடந்தது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்றது, ஒலிம்பிக் அப்போது கைவிட்டிருந்த ஆர்.எஸ்.எக்ஸில்தான்.