பேயெள்ளின் பெயர் வழக்கு

கனடாவின் வடகாடுகளில் பிர்ச்சும் ஊசியிலை மரங்களும் விதை பொய்க்கும் ஆண்டுகளில், ரெட்போல், பைன் சிஸ்கின் போன்ற சிறு ஃபின்ச் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்குகின்றன. பல குளிர்காலங்களில் ஒன்றுகூடத் தென்படாத தோட்டத்தில் திடீரென்று ஐம்பது பறவைகள் தீனிக்குழாயை மொய்க்கும். குழாயின் மெல்லிய பிளவில் அலகை நுழைத்து ஒரு கறுப்பு விதையை இழுத்து, அலகுக்குள்ளேயே புரட்டித் தோலை உரித்து, பருப்பை விழுங்கி, உமியைக் கீழே உதிர்க்கும். இந்தக் காட்சியைத் தமிழில் எழுதுகிறவர்கள் அந்த விதையை ‘முட்செடி விதை’ என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் கடைவழக்கான ‘திசில்’ என்பதன் நேர்பெயர்ப்பு அது. அந்த விதை எந்த முட்செடியிலும் விளைவதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து உழவர்கள் அறிந்த பேயெள்தான் அது. அங்கே உச்செள் என்றும் சொல்வார்கள். தமிழில் இரண்டு பெயர் இருக்க, மூன்றாவதாக ஒரு பிழைப்பெயர் எதற்கு?

அமெரிக்க வழக்கு எப்படிப் பிறந்தது என்பது தெளிவு. கோல்டுஃபின்ச் முட்செடி விதைகளை விரும்பித் தின்னும் பறவை. ஐரோப்பியக் கோல்டுஃபின்ச்சின் இலத்தீன் பெயரான கார்டுவெலிஸ், முட்செடியைக் குறிக்கும் கார்டுவஸ் என்பதன் வழி வந்தது. ஜெர்மானியர் அதை டிஸ்டல்ஃபிங்க், அதாவது முட்செடிக் குருவி, என்பார்கள். முட்செடிக் குருவி தின்பதால் விதையும் முட்செடி விதை ஆயிற்று: தின்னும் பறவையைப் பார்த்து விதைக்கு வைத்த பெயர். பேயெள்ளும் முட்செடியும் சூரியகாந்திக் குடும்பம்தானே என்று வாதிடலாம். அந்தக் கணக்கில் செவ்வந்தியையும் முட்செடி என்றழைக்க வேண்டிவரும்.

‘நைஜர்’ என்ற வணிகப் பெயருக்கு நைஜர் ஆறே மூலம் என்பார் உளர். செடியின் தாயகம் எத்தியோப்பியா. தாவரவியல் பெயரான குய்சோட்டியா அபிசினிக்காவே அதற்குச் சான்று. ஆறு ஓடுவது மேற்கு ஆப்பிரிக்காவில். வணிகப் பெயர்கள் நிலவியலை மதிப்பதில்லை என்ற மறுப்பில் ஓரளவு வலு உண்டு. ஆனால் கன்னங்கரிய விதையைக் கையில் வைத்துக்கொண்டு, கருமையைக் குறிக்கும் இலத்தீன் ‘நைஜர்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ஆற்றைத் தேடிப் போவானேன்? அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இனவசையாக ஒலித்துவிடக் கூடாது என்று அமெரிக்கப் பறவைத்தீனி வணிகர் அமைப்பு 1998இல் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பதிவு செய்துகொண்டது. ஆற்றின் பெயரோ நிறத்தின் பெயரோ, இன்று அது வணிக முத்திரை. தமிழுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். எள் என்ற பகுதியில் ஐயமில்லை. எள்+நெய்தான் எண்ணெய், எள்ளின் நெய்யைக் குறித்த சொல் தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் பொதுப்பெயராய்ப் பரந்தது. எண்ணெய்க்கெல்லாம் எள்ளே தலைமை என்றான மொழியில், புதிதாய் வந்த எண்ணெய் வித்தும் ஒருவகை எள்ளாவது இயல்பு. (அக்காடிய மொழிவரை எள்ளை இழுத்துச் செல்வோர் செல்லட்டும், நமக்கு ஓசூர் போதும்.) வழக்கெல்லாம் ‘பேய்’ என்ற அடைமொழியில்தான். கறுப்பாய் இருப்பதால் பேய் என்பது ஒரு விளக்கம். காரெள்ளும் கறுப்புத்தான், நிறத்தைக் கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்க்குமட்டி போலக் கசப்பைக் குறித்தது என்பது இன்னொன்று. பேயெள்ளின் எண்ணெய் சமையலுக்கு ஆகும். விதையை வறுத்துத் துவையலும் அரைப்பார்கள். கசப்பு வாதம் அங்கேயே தீர்ந்தது.

தொல்காப்பிய உரியியல் ‘பேம்’ என்பதை அச்சப்பொருளில் வைக்கிறது. பேய்க்கு அதுவே வேர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடைமொழியானபோது பொருள் நகர்ந்துவிட்டது. பேய்மழை என்றால் அளவில் அடங்காத மழை, பேய்க்காற்றும் அப்படியே. பேய்க்கரும்பு கரும்பின் தோற்றம் கொண்டது, கரும்பின் முறைக்கு உட்படாதது. முறை தப்பியது என்ற ஒரே பொருள் இவற்றையெல்லாம் தாங்கும். எள்ளை அறிந்த உழவன் கண்ணுக்கு இந்தச் செடி முறை தப்பியதுதான்: எள்ளைப் போல் காய் பிளந்து விதை சிந்துவதில்லை, மஞ்சள் பூத்தலையில் விதை கட்டுகிறது, மாடு வாய் வைக்காததால் மற்றப் பயிருக்கு வேலியாய் ஓரத்தில் விதைக்கலாம், வளமற்ற மண்ணிலும் கவனிப்பாரின்றி வளரும். பயிரிடப்படுவதைக் ‘காட்டுத்தனமானது’ எனலாமா என்று கேட்டால், பேய் இங்கே காட்டைச் சுட்டவில்லை, அடங்காமையைச் சுட்டுகிறது என்பதே விடை.

அண்டை மொழிகள் இதை உறுதிசெய்கின்றன. தெலுங்கில் இதன் பெயர் வெர்ரிநுவ்வுலு: நுவ்வு எள், வெர்ரி பித்து. வெர்ரியும் நம் வெறியும் ஒரே வேர். வேலன் வெறியாட்டை அறிந்தவர்களுக்கு வெறி எங்கே முடிந்து பேய்பிடித்தல் எங்கே தொடங்குகிறது என்று விளக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் ஹுச்செள்ளு, ஹுச்சு என்றாலும் பைத்தியம். மூன்று மொழி உழவர்களும் ஒரே செடியைப் பார்த்து ‘இது பித்துப்பிடித்த எள்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வராது.

உச்செள்ளை ‘உச்சி+எள்’ எனப் பிரித்து, மலையுச்சியில் விளைவதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. அப்படியானால் யகரம் உடம்படுமெய்யாய் வந்து உச்சியெள் என்று நின்றிருக்க வேண்டும். பேச்சு வழக்கு இலக்கணத்துக்குக் கட்டுப்படாது என்பர். கட்டுப்படாவிட்டாலும் அதற்கென்று ஒரு போக்கு உண்டு. ஓசூர் எல்லைப்பகுதிப் பேச்சின் போக்கு ஊர்ப்பெயரிலேயே எழுதியிருக்கிறது. கன்னடத்து ஹொசூரு தமிழில் ஹகரம் இழந்து ஓசூர் ஆனது. ஹுச்செள்ளு உச்செள்ளானதும் அதே வழியில்தான். உச்சிக்கு இங்கே வேலையில்லை.

எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவுக்குக் கப்பலேறும் இந்த விதையை, அதனோடு கலந்து வரும் களைவிதைகள் முளைக்காதபடி 120 டிகிரி செல்சியஸில் சூடேற்றித்தான் உள்ளே விடுகிறார்கள். விதையின் முளைப்பும் அதோடு குன்றுகிறது. பறவைக்கு அதனால் நட்டமில்லை. சொல்லுக்கும் அப்படி ஒரு சூடேற்றல் நேர்ந்திருக்கிறது: நிலத்திலிருந்து பிரிந்து, கடைப்பெயராய், தின்னும் பறவையின் பெயராய் வறண்டு திரும்பி வருகிறது. பெயர் வைக்கும் உரிமை விதைத்தவனுக்கு என்பது என் துணிபு. வடபுலத்து ரெட்போல் தின்றாலும் அது பேயெள்தான். தமிழில் எழுதுகிறவர்கள் அப்படியே எழுத வேண்டும்.