பழைய இரும்புக் கடைக்குப் போன வல்லயம்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்ப்பார்கள், கல்யாண மகால் முன்னால் படம் எடுப்பார்கள், மூச்சு மிச்சமிருந்தால் மேலே ஏறிப் பீரங்கியைத் தொட்டுப் பார்ப்பார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலுக்குள் போன பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்காரன் இது ஒன்றுதான். ஆனால் நான் சின்ன வயதில் தொட்ட முதல் ஆயுதம் பீரங்கி இல்லை, வல்லயம்.

எங்கள் குலசாமி கோயில் ஏரிக்கரையில் இருக்கிறது. கூரை கிடையாது. வேப்பமரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுத்த இரும்பு வல்லயம், முனையில் எலுமிச்சம்பழம். "சாமி எங்க பெரியப்பா?" என்று கேட்டேன். "இதாண்டா சாமி," என்றார்.

வேல், ஈட்டி, குந்தம், வல்லயம் எல்லாமே அடிப்படையில் ஏழையின் ஆயுதம். வாளுக்குக் கை நீளத்துக்கு நல்ல இரும்பு வேண்டும். ஈட்டிக்கு உள்ளங்கையளவு போதும், மீதி மூங்கிலோ மரமோ. ஊர்க் கொல்லனே அடித்துவிடுவான். புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பங்கு வைக்கும்போது தாய், தகப்பன், அரசன் வரிசையில் கொல்லனையும் உட்கார வைத்தது சும்மா இல்லை.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்சாண்டர் ரியா ஒன்றைக் கவனித்தார். தாழிகளோடு கிடைத்த இரும்பு ஆயுதங்கள் முனை கீழே இருக்கும்படி நின்றன, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல. எங்கள் வல்லயத்துக்கு முனை மேலே. இரண்டுக்கும் நேர்க்கோடு போட எனக்குத் தைரியம் இல்லை. இரும்பை மண்ணில் ஊன்றி அதன்முன் நிற்கும் பழக்கம் ரொம்பப் பழசு, அவ்வளவுதான் சொல்வேன். யாழ்ப்பாணத்து நல்லூரில் மூலஸ்தானத்தில் இருப்பதும் வேல்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுக்கு இரும்புக்கென்றே ஒரு தெய்வம், ஓகுன். முன்பு வேட்டைக்காரரும் கொல்லரும் படைவீரரும் கும்பிட்டார்கள், இன்று வண்டி ஓட்டுகிறவர்களும் கும்பிடுகிறார்கள். ஆயுத பூஜையன்று ஆட்டோவுக்குச் சந்தனம் வைக்கும் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பெரியப்பா எங்கள் வல்லயம் தேசிங்கு ராஜா காலத்தது என்பார். 1714 அக்டோபர் 3 அன்று ஆற்காட்டு சாதத்துல்லா கானோடு மோதி இளம் வயதிலேயே செத்த தேசிங்கின் கதையில் ராஜா பெயர் நிற்கிறது, குதிரை பெயர்கூட நிற்கிறது. கூட நின்ற காலாட்களில் ஒருவன் பெயராவது என் காதில் விழுந்ததில்லை. அப்படி ஒருத்தன் நம்ம பாட்டன், அவன் கையில் இருந்தது இது என்பது பெரியப்பா கணக்கு. நான் நம்பவில்லை. சண்டைக்குத் தூக்கிப்போக அது ரொம்பக் கனம். நேர்த்திக்கடனுக்குச் செய்ததாக இருக்கும் என்று வாதாடினேன். படித்த திமிர்.

சில வருடம் முன்பு கோயிலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். எவர்சில்வரில் பளபளவென்று புது வேல் வந்தது. பழையது எடைக்குப் போய்விட்டது. செய்தி தெரிந்து நான் இரும்புக் கடைக்கு ஓடியபோது லாரி கிளம்பி நாலு நாள் ஆகியிருந்தது. காலத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை.

தொண்டைமானின் ஆயுதசாலையில் மயில்பீலி சூட்டி, நெய் பூசி நின்ற வேல்களை ஒளவை பார்த்த கதை அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன.

இந்த ஆடியில் போயிருந்தேன். பெரியப்பா பழத்தைச் செருகிவிட்டுக் கையை எடுத்தார், அது சரிந்து விழுந்தது. மறுபடி செருகினார்.

"புதுசுல நிக்க மாட்டேங்குது, வழுக்குதுடா," என்றார்.