வாசலில் அவிழும் மூட்டை

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்தில் காலை ஒன்பதரைக்கு நின்று பார்க்கலாம். அப்பா நுழைவுச்சீட்டு வரிசையில் நிற்பார். வேனுக்குப் பக்கத்தில், சவுக்கு நிழலில் ஒரு பழைய பெட்ஷீட் விரிந்திருக்கும். எவர்சில்வர் தூக்கிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கைக்குக் கை மாறும். பசிக்கவில்லை என்று சிணுங்கும் பிள்ளைக்கும் இன்னும் இரண்டு உண்டு. அந்த வாசலைத் தாண்டிய பிறகு வீட்டுச் சாப்பாடு கிடையாது, பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். பத்துப் பேர் கொண்ட குடும்பம் உள்ளே மதியச் சாப்பாடு வாங்கினால் என்ன ஆகும் என்ற கணக்கையும் அவர் முந்தின இரவே போட்டு முடித்திருப்பார்.

பூங்காக்கள் நேற்று வந்தவை. சோற்று மூட்டை மிகப் பழையது.

வழிநடைக்கு எடுத்துச் செல்லும் உணவுக்குப் பழந்தமிழில் 'ஆற்றுணா' என்று பெயர். ஆறு என்றால் வழி. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான பழமொழி நானூறு இந்தச் சொல்லைக் கல்வியின் பெருமை சொல்ல எடுத்துக்கொள்கிறது. கற்றவருக்கு எந்த நாடும் அயல்நாடு அல்ல, ஆகவே அவர் ஆற்றுணாவைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. மற்றவர்கள் எல்லோரும் தூக்கித்தான் சென்றார்கள் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

பெரியபுராணத்தில் இந்த உணவு கடவுளின் கையில் வருகிறது. பசியும் தாகமுமாகத் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துகொண்டிருந்த திருநாவுக்கரசருக்காகச் சிவபெருமான் வழியில் ஒரு சோலையும் குளமும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு காத்திருந்தார் என்கிறார் சேக்கிழார். சீர்காழிப் பக்கத்துத் திருக்குருகாவூரில் சுந்தரருக்கும் அடியார்களுக்கும் இதே போல் பந்தலும் பொதிசோறும் கிடைத்தன. தலைவாழை இலை போட்ட விருந்தைப் படைக்கக்கூடியவர், வழிப்போக்கனுக்கு வேண்டியது பொட்டலம்தான் என்று அறிந்து அதையே கொண்டுவருகிறார். சேக்கிழாரின் இந்த நுட்பத்துக்காகவே அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு, கட்டுசாதம் என்று வட்டாரத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்பப் பெயர் மாறியது. சடங்குகளிலும் அது இடம்பிடித்தது. கொங்கு நாட்டில் கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் பல வகைச் சோறு கட்டிக்கொண்டு வருவது ஒரு விருந்து. பிராமணக் கல்யாணங்களில் ஊர் திரும்பும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்வீட்டார் மறுநாள் காலை கொடுத்தனுப்புவது 'கட்டுசாதக் கூடை'. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் சித்திரான்னங்களைப் பிரித்துவைத்து உண்பதும், காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்குப் போவதும் மூட்டை இல்லாமல் நடந்ததில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையைச் சுற்றிய ஊர்களிலிருந்து கூட்டுவண்டி பூட்டி வந்தவர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் வரைக்கும் தாங்கும்படி சோறு கட்டி வந்தார்கள்.

தாங்கும்படி என்பதுதான் இதில் பெரிய வித்தை. கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று ஊரில் கேட்பார்கள். சொல்லைப் பற்றி எப்படியோ, சோற்றைப் பற்றிய கேள்விக்கு அடுப்படியில் மிகத் துல்லியமான பதில் இருந்தது. சோற்றை விறைப்பாக வடிக்க வேண்டும். தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, சூடு முழுக்க ஆறிய பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதித்திருக்க வேண்டும். வெங்காயம் கூடாது, தேங்காய் கூடாது, ஈரக் கரண்டி படவே கூடாது. வாழை இலையைத் தணலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது.

சமைத்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அதில் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகி வயிற்றைக் கெடுக்கும் என்று இன்றைய உணவு அறிவியல் சொல்கிறது. அதன் வித்துகள் கொதியில்கூடச் சாவதில்லை. சோற்றை விரைந்து ஆறவைப்பதும் அதன் புளிப்பைக் கூட்டுவதும் அந்தப் பெருக்கத்தைத் தடுக்கும் வழிகள். இரண்டும் புளியோதரைக்குள்ளேயே இருக்கின்றன. தயிர்சாதத்துக்கு வேறு உபாயம். சோற்றில் தயிரைக் கொட்டினால் நண்பகலில் வாயில் வைக்க முடியாமல் புளித்துவிடும். அதனால் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டுப் பிசைந்து, உறைக்கு ஒரே ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்ப்பார்கள். காலையில் பால்சோறாக வீட்டை விட்டுக் கிளம்புவது, பிரிக்கும் நேரத்தில் தயிர்சாதமாகியிருக்கும். பயண நேரத்தையே சமையலின் ஒரு பகுதியாக்கிய அந்த முதல் பெண் யாரோ, அவருக்கு எந்த நூலிலும் பெயர் இல்லை. பெரும் இழப்பு அது.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. மாட்டுவண்டியில் நாட்கணக்கில் போன தூரம் மணிக்கணக்கில் சுருங்கியபோது மூட்டையும் மறைந்திருக்க வேண்டும். ஆனால் அது பெருத்தது. பித்தளைக் கூஜாவும் அடுக்கு டிபன் கேரியரும் ரயில் பயணத்தின் அடையாளங்களாயின.

காரணத்தை அறிய காந்தியின் எழுத்து உதவுகிறது. 1917 செப்டம்பரில் அவர் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கான பெட்டியில் 35 பேருக்கும் மேல் நெருக்கியடித்தார்கள், வழி நெடுக ஒருமுறைகூட யாரும் பெட்டியைப் பெருக்கவில்லை என்று பதிவு செய்கிறார். நிலையங்களில் விற்ற தின்பண்டங்களின் அழுக்கையும், தேநீர் என்ற பெயரில் கொடுத்த கலங்கல் நீரையும் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், வீட்டுச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை மூடி மறைக்க முடியாது. சாதி. அந்நாளைய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து போராடியதன் விளைவாக 1941இல்தான் தென்னக ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினையை அறிவித்த பலகைகள் இறங்கின. பிறர் சமைத்ததைத் தொடமாட்டேன் என்று சிலர் மூட்டை கட்டினார்கள். ஊர்க் கடைகளில் உட்காரவே விடாததால் வேறு வழியின்றிக் கட்டியவர்கள் அவர்களை விடப் பலர். அதே வாழை இலை, அதே புளிச்சோறு. ஒன்றில் விலக்கும் ஆணவம் இருந்தது, மற்றதில் விலக்கப்பட்டவரின் வலி இருந்தது. கட்டுச்சோற்றின் வரலாற்றை இனிப்பான நினைவாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் பொட்டலத்தைப் பிரிப்பதே இல்லை.

சாலையெங்கும் உணவகங்கள் வந்து, அவற்றின் கதவுகள் எல்லோருக்கும் திறந்த பிறகு மிஞ்சியது காசுக் கணக்கு. சுற்றுலா என்ற சொல் நடுத்தரக் குடும்பத்துக்குள் நுழைந்த காலமும் அதுதான். 1970களில் இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கோல்டன் பீச் புகழ்பெற்றது. பின்னாளில், என்ன செய்தாலும் சிரிக்காமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைப் பார்க்கவே வெளியூர்களிலிருந்து பேருந்து பிடித்து வந்தார்கள். 1855இல் தொடங்கிய சென்னை விலங்கியல் பூங்கா, 1985இல் வண்டலூருக்குப் போய் விரிந்த காட்டுப் பரப்பில் அமைந்தது. காணும் பொங்கலன்று அங்கே மரத்துக்கு மரம் தூக்குவாளி தெரிந்தது. 1995இல் தாம்பரத்துக்கு அருகே நவோதயா அப்பச்சன் கிஷ்கிந்தாவைத் திறந்தார். 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தால் தமிழ்க் குழந்தைகளுக்கும் அறிமுகமான நிறுவனம் அவருடையது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்து பிளாக் தண்டர், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். என்று ராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் பெருகின.

இந்தப் பூங்காக்கள் மூட்டையின் நீண்ட வரலாற்றில் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தன. ஆற்றங்கரை, கோயில் மண்டபம், ரயில் பெட்டி, விலங்கியல் பூங்கா என்று எங்கும் சோற்றைப் பிரிக்க அந்நாளில் பெரும்பாலும் தடை இருந்ததில்லை. வேலி போட்டுக் கட்டணம் வாங்கிய பூங்காவுக்கோ உள்ளே விற்கும் உணவும் ஒரு வருமானம். ஆகவே வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்ற பலகை எழுந்தது. திரையரங்குகளில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று 2018இல் ஜம்மு-காஷ்மீர் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 ஜனவரி 3ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. திரையரங்கு உரிமையாளரின் சொத்து, அவர் நிபந்தனை விதிக்கலாம். ஆனால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அது திரையரங்குகளைப் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் பூங்கா வாசலில் நிற்கும் தாய்க்கு அதன் தர்க்கம் பழக்கமானதே. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பாட்டிக்குச் சர்க்கரை, அத்தைக்குக் காரம் ஆகாது, சின்னவன் தயிர்சாதம் தவிர எதுவும் தொடமாட்டான் என்று பார்த்துப் பார்த்துச் சமைத்த சோறு வெளியே வேனில் கிடக்க, உள்ளே எல்லோரும் ஒரே பொரித்த பண்டத்தைத் தின்பது நியாயமாகப் படவில்லை. வாசலுக்கு உள்ளேயே ஒரு மரத்தடியைக் கட்டுச்சோற்றுக்கு ஒதுக்கினால் எந்த ராட்டினமும் நின்றுவிடாது.

குடும்பங்கள் வாசலுக்கு ஏற்ப மூட்டையை மாற்றிக்கொண்டன. காலைச் சாப்பாடு வாசலுக்கு வெளியே, வயிறு முட்ட. உள்ளே போகும் பையில் இப்போது துணிதான் அதிகம். நீர் விளையாட்டுகளில் பருத்தி உடைக்கு அனுமதி கிடையாது என்பதால், வாடகை உடையின் செலவை மிச்சம் பிடிக்க நைலான் உடைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறார்கள். தலைக்கு ஒரு துண்டு, மாற்றுத்துணி, ஈரத்துணிக்கு ஒரு தனிப் பை, எல்லாம் ஒரே லாக்கரில் அடங்கும்படி. முன்பு ஈரத்துணிக்குப் பாலிதீன் பை இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்த பிறகு மஞ்சப்பை திரும்ப வந்திருக்கிறது. பரணில் கிடந்த எவர்சில்வர் சம்படங்களும் கீழே இறங்கியிருக்கின்றன.

மாலை ஆறு மணிக்குப் பூங்கா காலியாகும்போது மூட்டையின் இரண்டாம் பாதி அவிழும். தலை ஈரம் காயாத பிள்ளைகள், காலையில் இட்லி வேண்டாம் என்ற அதே பிள்ளைகள், புளியோதரைப் பொட்டலத்துக்குக் கை நீட்டுவார்கள். காலையில் கலந்தது, இப்போது புளியும் எண்ணெயும் ஊறி நன்றாக இறங்கியிருக்கும். "முதல்ல டிரைவர் அண்ணனுக்குக் குடுங்க, அவர் வண்டி ஓட்டணும்" என்று பாட்டி முன்சீட்டுப் பக்கம் ஒரு பொட்டலத்தை நீட்டுவார்.