வில்லும் பசையும்

கார் பூட்டைத் திறந்தபோது வில் உடைந்திருக்கவில்லை. பிரிந்திருந்தது. மூங்கிலுக்கும் கண்ணாடி இழைப் பட்டைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. சனிக்கிழமை மத்தியானம் ஷா ஆலமில் மூன்று மணி நேரம் வெயிலில் காரை நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான். நான்கு வார இறுதிகளைச் செலவழித்து நானே செய்த முதல் வில் அது.

"மூங்கில் சரியா காயல போலப்பா" என்றார் அப்பா. "ஃபைபர் மட்டமான சரக்குடா" என்றான் நண்பன். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. மூங்கிலும் நன்றாக இருந்தது, ஃபைபரும் நன்றாக இருந்தது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த பசைதான் கைவிட்டது. ஏன் என்று தேடிப் போனதில், வில்லின் வரலாற்றையே நான் தலைகீழாகப் படித்திருந்தேன் என்று புரிந்தது. மரம், கொம்பு, கண்ணாடி, கார்பன் என்று எப்போதும் பொருள்களை வைத்தே அந்தக் கதையைச் சொல்கிறோம். பசையை வைத்துச் சொன்னால் அது வேறு கதை.

முதலில் ஒரு சின்ன சோதனை. ஒரு சீட்டுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுலபமாக வளையும். அதே சீட்டுகளை ஒட்டிவிட்டு வளைத்தால் கட்டை மாதிரி எதிர்க்கும். அந்த வழுக்கலைத் தடுப்பதுதான் அடுக்கு வில்லில் பசையின் வேலை. நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம் இழுபடும், வில்லாளியைப் பார்த்த உள்பக்கம் அமுங்கும். நடுவில் இருக்கும் கட்டைக்குப் பெரிய இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. ஆனால் அடுக்குகள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கப் பார்க்கும் விசை முழுவதும் பசைக்கோட்டின் மேல்தான் விழுகிறது.

மத்திய ஆசியப் புல்வெளிக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. சமன்பாடு எழுதித் தெரிந்துகொண்டதல்ல, கையால் தெரிந்துகொண்டது. அமுங்கும் உள்பக்கத்தில் கொம்பு, இழுபடும் வெளிப்பக்கத்தில் மாட்டுக்காலின் தசைநார், நடுவில் மெல்லிய மரம். 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமனின் கல்லறையிலும் இப்படிப்பட்ட கூட்டுவிற்கள் கிடைத்தன. அவற்றுக்கு மூவாயிரத்து முந்நூறு வயது. தசைநாரை அப்படியே ஒட்டிவிட மாட்டார்கள். காயவைத்து, தட்டி, நூல் நூலாகப் பிரித்து, தோலையோ மீனின் காற்றுப்பையையோ காய்ச்சிய பசையில் ஊறவைத்து, ஒரே திசையில் படியவைப்பார்கள். ஒரே திசையில் நார், அதைச் சுற்றிப் பிடிக்கும் பசை. பல்கலைக்கழகத்தில் கூட்டுப்பொருள் என்று எங்களுக்கு எழுதிப்போட்ட வரையறை கிட்டத்தட்ட இதேதான். அங்கே உதாரணமாகச் சொன்னது விமானச் சிறகு. வில்லை யாரும் சொல்லவில்லை.

இந்தப் பசைக்கு ஒரே எதிரி ஈரம். ஒவ்வொரு அடுக்கும் முழுசாகக் காய்ந்த பிறகுதான் அடுத்ததை வைக்க முடியும். அதனால் நல்ல துருக்கி வில் ஒன்று முடிய ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகும். முடிந்த பிறகும் நிம்மதி இல்லை. மொகலாயர் கால இந்தியாவில் எஃகில் வில் செய்தார்கள். கூட்டுவில் அளவுக்கு அது அம்பை வேகமாக விடாது, ஆனால் மழைக்காலம் முழுவதும் ஆயுதக்கிடங்கில் கிடந்தாலும் பிரிந்து வராது.

கொரியாவின் கதை இன்னும் சுவாரசியம். அங்கே எருமை கிடையாது. வில்லுக்கு வேண்டிய எருமைக் கொம்பு தெற்கு நாடுகளிலிருந்து போக வேண்டும். பசை, மீனின் காற்றுப்பையைக் காய்ச்சியது. நம்மூர் சீனக் கல்யாண விருந்து சூப்பில் மெத்து மெத்தென்று மிதக்குமே, அதே வகைச் சரக்குதான். கொரியாவின் கோடை மழைக்கு அந்தப் பசை இளகிவிடும். அதனால் வில்லாளிகள் வில்லை வைப்பதற்கென்றே ஓர் அலமாரி செய்து, அதை உள்ளே லேசாகச் சூடேற்றி வைத்தார்கள்.

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள வில்லை விட்டு விமானத்துக்குப் போக வேண்டும். 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் என்ற இயற்பியலாளர்கள் வில்லை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். கிளாப்ஸ்டெக் துருக்கிக் கூட்டுவில்லைப் பற்றி 1934இல் ஒரு புத்தகமே எழுதினார். வில்லின் கைகள் தட்டையாக, செவ்வக வெட்டில் இருக்கலாம் என்று ஹிக்மன் கணக்குப் போட்டுக் காட்டினார். பட்டைகளை அடுக்கி ஒட்ட அந்த வடிவம் ரொம்ப வசதி. வடிவம் தயார், ஆனால் ஈரத்துக்கு அசையாத பசை வேண்டும். அதை உருவாக்கும் அவசரம் மரவிமானம் கட்டுகிறவர்களுக்குத்தான் இருந்தது.

இரண்டாம் உலகப்போரின் மொஸ்கிட்டோ விமானம் மரத்தால் ஆனது. பால்சா மரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒட்டுப்பலகை. ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசையால் ஒட்டினார்கள். ஈரமும் பூஞ்சையும் அதைத் தின்னும். அதனால் யூரியா ஃபார்மால்டிஹைட் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் மொஸ்கிட்டோ கடைசியாகப் பணிக்குப் பறந்தது எங்கிருந்து தெரியுமா? சிங்கப்பூரின் செலேத்தாரிலிருந்து, 1955 டிசம்பர் 15 அன்று. அவசரகாலத்தில் மலாயாக் காடுகளை மேலிருந்து படமெடுக்கும் வேலை. அடுக்கி ஒட்டிய மரம் நம்முடைய வெயிலிலும் மழையிலும் வேலை செய்தது.

போர் முடிந்ததும் அந்தப் பசைகளும் கண்ணாடி இழையும் சந்தைக்கு வந்தன. மிச்சிகனில் கிரேலிங் என்ற சிற்றூரில் 1947இல் தொழிற்சாலை தொடங்கிய ஃப்ரெட் பேர், 1950களின் தொடக்கத்தில் மரத்தின் இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஓடும் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டி வில் செய்தார். தசைநார் இருந்த இடத்தில் கண்ணாடி. கொம்பு இருந்த இடத்திலும் கண்ணாடி. நடுவில் மரம் அப்படியே இருந்தது. யோசனை பழையதுதான். வருடக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிந்தது மட்டும் புதுசு. யூரியா பசைக்குப் பிறகு எபோக்ஸி வந்ததும் கராஜ் இருக்கிற யாரும் வில் செய்யலாம் என்று ஆனது. பலகையில் வெட்டிய அச்சு, பழைய சைக்கிள் டியூப், ஒரு மில்லிமீட்டர் ஃபைபர் பட்டை இரண்டு, தரையில் பதிக்கும் மூங்கில் பலகையிலிருந்து இழைத்த துண்டு. நான் தொடங்கியது இதை வைத்துத்தான்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கொரியாவில் 1970களிலிருந்து கண்ணாடி இழை விற்கள் பரவின. விலை குறைவு, மழைக்குப் பயமில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். கொம்புவில் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வில், அம்பு செய்யும் கலையை அந்த நாட்டு அரசு 1971இல் பாதுகாக்க வேண்டிய மரபாக அறிவித்தது. அறிவித்துக் காப்பாற்ற வேண்டிய நிலைமைக்கு அந்தக் கலை வந்திருந்தது. ஃபைபர் இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஆபீஸ்காரன் வில்லைத் தொட்டிருக்கவே மாட்டான். அதே ஃபைபர்தான் ஒரு வருடம் காத்திருக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை இல்லாமல் செய்தது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் பேச எனக்கு மனசு வரவில்லை.

என் வில்லுக்கு வருவோம். 24 மணி நேரத்தில் இறுகிவிடும் என்று டின்னில் போட்டிருந்தது, நான் நம்பினேன். இறுகியதும் உண்மைதான். ஆனால் அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபோக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியஸ் வந்தாலே மறுபடி இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கார் அந்த அளவைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். இதைத் தடுக்க, ஒட்டிய வில்லை அச்சோடு ஒரு பெட்டியில் வைத்துச் சில மணி நேரம் சூடேற்ற வேண்டும். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். நவீனப் பசைதானே, அது தானே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. பழைய பசைக்கு எதிரி ஈரம், இதற்கு எதிரி சூடு. எதிரியே இல்லாத பசை என்று ஒன்று இதுவரை வரவில்லை.

போன மாதம் ஒட்டுப்பலகையில் ஆறடி நீளப் பெட்டி ஒன்று அடித்தேன். உள்ளே நான்கு பழைய குண்டு பல்பு, ஒரு வெப்பமானி. "என்னப்பா, கோழிக்குஞ்சு பொரிக்கப் போறியா?" என்று கேட்டார் அப்பா. கொரியாக்காரர்களின் சூடான அலமாரியைப் பற்றி அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவரே போய் ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாவது வில் இப்போது அதற்குள் இருக்கிறது. 70 டிகிரி, ஆறு மணி நேரம். காய்ந்ததும் இழுத்துப் பார்ப்பேன். காரில் மட்டும் வைக்க மாட்டேன்.