துபகுண்டா பெண்களும் நம்ம சேமிப்பும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு தலைவி அக்கா சொன்னபோது, கடன் கணக்கைப் பற்றி எழுதலாம்னுதான் நினைத்தேன். ஆனால் நம் கூட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. "அமைதியா உக்காந்து போராடி என்னத்தக் கண்டோம்?"

பதில் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்று ஒரு கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் வந்தது. பகலெல்லாம் கூலி வேலை செய்த பெண்கள் ராத்திரியில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பாடப் புத்தகத்தில், ஊர்ப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக் கடையை மூடவைத்த கதை ஒன்று இருந்தது. படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊர்க் கடையையும் மூடவைத்தார்கள். அந்தச் செய்தியே அடுத்த பாடமாகி மற்ற ஊர்களுக்குப் போனது.

சாராயக் கடைகளை அரசு ஆண்டுதோறும் ஏலம் விடும். 1992-ல் நெல்லூர் பெண்கள் அந்த ஏலத்தையே திரும்பத் திரும்பத் தடுத்தார்கள். ஏலம் நடக்காவிட்டால் கடை ஏது? 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் அரசு முழு மதுவிலக்கையே கொண்டுவந்தது.

எல்லாம் அமைதியாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். துடைப்பமும் மிளகாய்ப் பொடியும் கையில் இருந்தன. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நமக்குக் கொடுத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால், நம்ம நியாயத்தை விட்டுவிட்டு நம்ம கையைத்தான் ஊர் பார்க்கும்.

இன்னொரு கசப்பும் உண்டு. 1997-ல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள். அரசுக்கு வருமானம் தேவைப்பட்டது. கள்ளச் சரக்கும் ஓயவில்லை. போராட்டம் கதவைச் சாத்தும். ஆனால் சாவி அரசு கையில் இருக்கிறது.

அப்போ அந்தப் பெண்கள் தோற்றார்களா? இல்லைன்னுதான் சொல்வேன். சாராயத்துக்குப் போகாமல் மிஞ்சிய காசில் நாளுக்கு ஒரு ரூபாய் என்று சேர்த்தார்கள். 'பொதுபுலட்சுமி' என்று பெயர் பெற்ற அந்தச் சேமிப்புக் குழுக்கள் நெல்லூரில் ஊர் ஊராகப் பரவின. சட்டத்தைத் திரும்ப வாங்க முடிந்தது. சேமிக்கும் பழக்கத்தை யாராலும் வாங்க முடியவில்லை.

நம்ம ஊர் கதை உங்களுக்கே தெரியும். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்கு எதிரே நாம் உட்கார்ந்தோம். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கடை போனது. எங்கே? ஊர் எல்லைக்கு. என் வீட்டுக்காரர் இப்போ கொஞ்சம் கூடுதலா நடக்கிறார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் அழுதேன்.

ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இப்போ அந்த வழியாகப் பயமில்லாமல் வருகிறார்கள். அது நாம் உட்கார்ந்ததால் வந்தது. மீதி இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கும் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு எல்லாரும் வாங்க, சகோதரிகளே.